முளைகட்டிய கம்பு

ரேணுகாவுக்குப் பீர் பிடிக்கும். இதை இப்படி நேராக எழுதவே கை கொஞ்சம் தயங்குகிறது. காரைக்குடியில் ஓர் ஆணைப் பற்றிச் சொன்னாலே குற்றம் சொல்வது போலிருக்கும். பெண்ணைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தோம். இரண்டு வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். அவள் அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைக்குப் போனவர். என் அப்பா தேவகோட்டைப் பக்கம் வயல்வேலை. படிப்பு முடிந்ததும் நான் அரசுத் தேர்வுக்கு என்று உட்கார்ந்தேன், இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெங்களூரில், அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் ஒரு பாரில் ஆய்வக வேலைக்குப் போனாள். வீட்டில் ஈஸ்ட் கம்பெனி என்று சொல்லியிருந்தாள். முழுப் பொய்யும் இல்லை. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. அப்பாவுக்கு முதுகு போனதும் திரும்பி வரச் சொன்னார்கள், வந்துவிட்டாள். இப்போது ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள்.

இங்கே மதுக்கடைக்கு அவளால் போக முடியாது. நான்தான் வாங்கித் தருவேன். எனக்கு அந்தக் கசப்பு பிடிக்காது. "தேதியப் பாத்து வாங்கு, பழச எடுத்துட்டு வராத" என்று சொல்லி அனுப்புவாள். நான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கம்பிக்குள்ளிருந்து கடைக்காரர் கேட்பார்.

"ஏன் தம்பி, பீருக்கு ஜாதகமா பாக்குற? பின்னால ஆளு நிக்குது, நகரு."

வரிசையே சிரிக்கும்.

பரிசோதனை நிலையத்தில் ஆள் இல்லாத நேரத்தில், கழுவிக் காயவைத்த கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். முகர்வாள். இரண்டு வாய், அவ்வளவுதான்.

"வெயில்ல கெடந்த பாட்டிலு. நனஞ்ச அட்டப்பெட்டி வாசம் வருதுல்ல?"

"எனக்குக் கசக்குது, அம்புட்டுத்தான்."

"அப்பறம் நாக்க என்னத்துக்கு வச்சிருக்க?"

கடையை ஒட்டிய பார் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டாள். தகரக் கூரை, ஈரம் காயாத மேசை, ஊறுகாய், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவர்கள். சொன்னேன்.

"கசாயம் குடிக்கிற மாதிரில்ல இருக்கு," என்றாள். "பெங்களூர்ல ஒரு கிளாஸ வச்சுக்கிட்டு நாலு பேரு உக்காந்து சண்ட போடுவாக. ஒருத்தரு ஆரஞ்சு வாசம்பாரு, இன்னொருத்தரு கிராம்பும்பாரு. அதுக்குத்தான் அங்கெல்லாம் பாருக்கு வர்றதே."

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. பீருக்காக முளைகட்டி உலர்த்திய தானியத்தை மால்ட் என்கிறார்கள். முளைக்கும்போது தானியம் தன் மாவைத் தானே இனிப்பாக்கத் தொடங்கும். அங்கே அதற்குப் பார்லிதான் வழக்கம். நம் செம்மண்ணில் விளைந்த கம்பில் செய்தால் இந்த ஊர் அந்தப் பீரில் தெரியும் என்பாள். ஓர் ஊரைக் குடித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் அவள் பேசும்போது, இப்படி ஒரு பொருளை நான் எப்போதாவது விரும்பியிருக்கிறேனா என்று யோசிப்பேன். ஒன்றும் நினைவுக்கு வராது.

அந்தப் பெங்களூர் பாரில் காய்ச்சும் பிரிவுக்குத் தலைவரான ஹரீஷ் அவளைப் போனில் அழைத்தார். சிறுதானியப் பீர் ஒன்று முயலப்போகிறார்கள். ஒரு பை கம்பு மால்ட் அனுப்பு, நன்றாக வந்தால் நீயே வந்து காய்ச்சு, வேலை உனக்குத்தான் என்றார். வியாழக்கிழமை காலை அண்டாவில் போட வேண்டும். வீட்டிலோ சிவகங்கை நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இது சரியா வந்தா பெங்களூரு. இல்லாட்டி சிவகங்கை," என்றாள் என்னிடம்.

வாரம் முழுக்க அந்தக் கம்போடுதான் கிடந்தாள். ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, புளித்துவிடாமல் கிளறிவிட்டு, மொட்டைமாடியில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, முளைவேரைத் தேய்த்து முறத்தில் புடைத்தாள். எதற்கு என்று கேட்ட அம்மாவிடம் "சத்துமாவுக்கு" என்று சொல்லியிருந்தாள். வேறு என்ன சொல்வது? எங்கள் பக்கம் முளைகட்டிய தானியத்தைக் காயவைக்க அது ஒன்றுதான் காரணம்.

பையைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இரவல் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அவள் அம்மா முத்தழகு ஒரு தம்ளரோடு வந்தார்.

"வாப்பா அருளு. மாப்ள வீட்டுக்காரக இப்பத்தான் போறாக. இந்தா, கஞ்சி குடி."

தம்ளரிலிருந்து வறுத்த கம்பு வாசம் வந்தது.

"ரேணு பாவம், ஞாயித்துக்கெழமயும் அரைநா வேலைக்கிப் போயிருச்சு. அந்தக் கம்ப நானே காலையில மில்லுல குடுத்து அரைச்சிட்டு வந்துட்டேன். பேச்சு முடியாம எங்கயும் கை நனைக்க மாட்டோம்னு சொன்ன மாப்ளயோட அம்மா, இதக் குடிச்சிட்டு, சீனி போடலன்னா நம்பமாட்டேன்னாக. பக்குவம் தெரிஞ்ச பிள்ளைன்னு, கல்யாணத்த ஆவணியில வச்சுக்கிடுவோம்னுட்டாக."

"எல்லாத்தயுமா அரைச்சீக?"

"பின்ன? அவுகளுக்கே ஒரு டப்பா குடுத்து விட்டேன்."

உள்ளே படுத்திருந்த அவள் அப்பா சிரிப்பது கேட்டது. ரேணுகா கொல்லைப்புறத்தில் பட்டுச்சேலையைச் சொருகிக்கொண்டு தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டை ஏந்தி வந்தபோதுதான் அது தன் கம்பு என்று வாசனையில் தெரிந்ததாம்.

"மாவா இருந்தா என்ன, அதையே அனுப்புவோமே," என்றேன்.

"பொட்டுக்கடல, ஏலக்கா எல்லாம் கலந்துருச்சு. மாவா இருந்தா காய்ச்சுறப்ப சாறு வடியவும் வடியாது."

"இன்னொரு தடவ போட்டா?"

"வியாழக்கெழமைக்குள்ள முளைச்சுக் காயாது. ஹரீஷ் சாருக்குச் சொல்லிட்டேன். யாரோ ராகி குடுத்துருக்காகளாம், அதப் போட்டுக்கிறாராம். பரவால்லன்னாரு."

"வீட்ல உண்மையச் சொல்லேன்."

"என்னன்னு? அப்பா சிரிக்கிறாரு, கேக்குதுல்ல?"

என் கையிலிருந்த தம்ளரை வாங்கி ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

"நல்லாத்தான் வந்துருக்கு," என்றாள்.

முத்தழகு அம்மா வாசற்படியில் நின்று கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அக்கா இன்னும் கொஞ்சம் மாவு கேட்டிருக்கிறாராம். நாளைக்கே ரெண்டு படி கம்பு ஊறப்போட்டுவிடு என்றார்.

"சரிம்மா," என்றாள் ரேணுகா.