கிளிப்பச்சைச் சுவரும் ஐந்து குமிழ்களும்

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரகடத்தில் கார்க் கதவு செய்கிற தொழிற்சாலை ஒன்றில், லைன் முடிகிற இடத்தில் வரிசையாக எரியும் குழல் விளக்குகளுக்குக் கீழே நிற்பேன். கதவு வரும். கையுறை போட்ட விரல்களால் மேலிருந்து கீழாகத் தடவுவேன். தலைமுடி கனத்துக்குக் கீறல் இருந்தாலும் மார்க்கரால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். "உனக்கு மாமியார் கண்ணுய்யா" என்பார் சூப்பர்வைசர். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஆறு மாதம் என் சொந்த அறையில் நடந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இதைக் கம்பெனியில் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அறை வல்லம் வடகாலில், ஒரு வீட்டின் மாடியில். ஒரு ஹால், ஒரு சமையலறை, துணி காயப்போட வெளியே கொஞ்சம் இடம். நானும் என் நண்பனும் இருந்தோம். திருநெல்வேலியில் ஐ.டி.ஐ. படித்தபோது ஒரே பெஞ்சு. பிறகு ஒரே பஸ்ஸில் ஏறி வந்து, நான்கு அறைகள் மாறி, ஐந்தாவதாக இங்கே வந்து சேர்ந்தோம். முந்தைய அறைகளில் எங்களோடு ஆறு பேர், எட்டுப் பேர் இருந்தார்கள். சுவரில் எங்களுக்கென்று இருந்ததெல்லாம் சட்டை மாட்ட ஆளுக்கு ஒரு ஆணி. இங்கே இரண்டே பேர். குடிவந்த அன்று அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இனிமே நாம ரூம்ல இல்லடே, வீட்ல இருக்கோம்" என்றான். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

வீடென்றால் நிறம் வேண்டாமா? கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அக்காவிடம் போய்ச் சுவருக்கு நாங்களே பெயின்ட் அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"நீயே அட்ச்சினா எனுக்கு இன்னா நஷ்டம்? அட்ச்சிக்கோ. ஆணிய மட்டும் கண்ட எடத்துல அடிக்காத" என்றார்.

எனக்குப் பிடித்தது கிளிப்பச்சை. எங்கள் சீருடை சாம்பல். தரை சாம்பல். கதவுகளும் பிரைமர் அடித்த சாம்பலில்தான் என் கைக்கு வரும். கனவுகூட அந்தக் கலரில் வர ஆரம்பித்திருந்தது. எனவே ஒரு சுவராவது கிளியைப் போல இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவனுக்குப் பிடித்த நிறம் எது என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. கேட்டேன். யோசித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்றான்.

தனக்குப் பிடித்த நிறத்தைச் சொல்ல ஒருத்தனுக்கு எதற்கு ஒரு நாள் அவகாசம்? அது முதல் கீறல். நான் வட்டம் போடவில்லை. மறுநாள் வெளிர் ரோஸ் என்றான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்டலம் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனோம். வெளிநாட்டு என்ஜினீயர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப் போகிற கட்டில், மேசை, சோபா எல்லாம் அங்கே வந்து குவியும். நான் இரண்டு நாற்காலியும் ஒரு புத்தக அலமாரியும் போதும் என்றேன். அவன் நேராக மூலையில் கிடந்த டிரெஸ்ஸிங் டேபிளிடம் போய் நின்றான். ஆள் உயரக் கண்ணாடி, ஆறு இழுப்பறை, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பீங்கானில் ஒரு குமிழ். பழைய வார்னிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

"ஒரு கீறல் கெடியாது தம்பி" என்றார் பாய்.

நான் டார்ச்சை எடுத்து அடித்துப் பதினொன்று காட்டினேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினார்.

"அத்த வுடு. ரெண்டு பேச்சிலர் பசங்களுக்கு டிரெஸ்ஸிங் டேபிள் இன்னாத்துக்கு?"

"இவன் தல சீவ அரை மணி நேரம் ஆவும் பாய்" என்றான் அவன், சிரிக்காமல்.

என் தலையில் அப்போதே சீவுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதன் ஒரு முனையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். கூடவே ஒரு பெரிய கட்டிலும் ஏறியது. தரையில் படுத்து முதுகு போய்விட்டது, ஷிஃப்ட் மாறிமாறிப் படுத்துக்கொள்ளலாம் என்று அவன் விளக்கினான். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

எங்கள் ஷிஃப்ட் அப்படி. அவன் வேறு கம்பெனி. ஒரு வாரம் எனக்குக் காலை, அவனுக்கு மதியம். அடுத்த வாரம் தலைகீழ். நான் வீடு திரும்பும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். அவன் வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன். முழு ஆளாக ஒருவரையொருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆகையால் லைனில் செய்வதைப் போலவே செய்தோம். ஒரு லாங் சைஸ் நோட்டில் நூல் கட்டி, அக்கா அனுமதித்த இடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: முடிந்தது, நிலுவை, குறைபாடு. ஷிஃப்ட் முடிந்து போகிறவன் எழுத வேண்டும், வருகிறவன் படித்து மேலே செய்ய வேண்டும்.

"முடிந்தது: வார்னிஷ் சுரண்டியாச்சு, இடது பக்கம் பட்டி போட்டாச்சு. நிலுவை: வலது பக்கம் உப்புத்தாள். குறைபாடு: உன் வேலை" என்று நான் எழுதுவேன்.

அவன் ஆரம்பத்தில் 'சரி' என்று மட்டும் எழுதினான். அவன் எப்போதும் அப்படித்தான். ஒரு மாதத்தில் அவன் பேசும் மொத்த வார்த்தைகளையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம். தமாஷுக்கும் அவனுக்கும் தூரம். ஆனால் கொஞ்ச நாளில் நோட்டில் வேறு ஆள் எழுந்து வர ஆரம்பித்தான்.

ரோஸ் சுவரைப் பற்றி நான் எழுதினேன்: "இது அடித்தால் வீடு பிரசவ வார்டு மாதிரி ஆகிவிடும்."

மறுநாள் அவன் கையெழுத்தில் பதில்: "பிரசவ வார்டில் எந்த ஊரிலும் ரோஸ் கிடையாது. பச்சைத் திரைதான். ஆக வார்டு உன் பக்கம்."

பெயின்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். இன்னொரு நாள், டிரெஸ்ஸிங் டேபிளுக்கு மயில்நீலம் அடிக்கலாம் என்று எழுதியிருந்தான். கிளிக்குப் பக்கத்தில் மயிலா, இது வீடா வண்டலூர் ஜூவா என்று கேட்டேன். "வண்டலூர்தான். ஒரு ஜீவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, காலையில் மார்க்கரோடு வேலைக்குப் போகிறது" என்று வந்தது. தோற்றுப்போய் மயில்நீலம் வாங்கி வந்தேன். பத்து வருடமாகக் கூட இருந்தவனுக்குள் இப்படி ஒருத்தன் ஒளிந்திருந்தான் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. கேன்டீனில் உட்கார்ந்து அவன் எழுதியதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். ஷிஃப்ட் முடிந்தால் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுவேன். இன்றைக்கு என்ன எழுதியிருப்பான் என்று பார்க்க வேண்டும்.

சித்திரையில் ஒரு குறிப்பு: "நிலுவை: சமையலறைச் சுவர்த் தட்டை அரை அடி கீழே இறக்கு."

என் நண்பன் ஆறடி. நான் அவனைவிட இரண்டு அங்குலம் குறைவு. அந்த வீட்டில் அந்தத் தட்டு உயரமாகத் தெரிகிற ஆளே கிடையாது. ஆனாலும் இறக்கினேன். இறக்கிய நாளிலிருந்து காபி போடும்போதெல்லாம் அதில் இடித்துக்கொண்டேன். நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீங்கியது. அதைத் தடவிக்கொண்டே மறுபடியும் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். மாமியார் கண்.

ஆடி பிறந்து ஒரு வியாழக்கிழமை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, டிரெஸ்ஸிங் டேபிளின் கடைசி இழுப்பறைக்கு இரண்டாவது கோட்டு அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அக்கா மேலே வந்தவர் வாசலில் நின்றார்.

"சோக்கா கீதுப்பா. ஆம்பளப் பசங்களா இத்த பண்ணாங்கன்னு பொண்ணோட அம்மா நம்பவே இல்ல."

"எந்தப் பொண்ணுக்கா?"

"வெளாடாத. உன் ஃப்ரெண்டு கட்டிக்கப் போற பொண்ணுதான். திங்கக்கெழம அம்மாவும் பொண்ணுமா வந்து பாத்துட்டுப் போனாங்களே. பச்ச செவுரப் பாத்துதான் அந்தம்மா கொஞ்சம் யோசிச்சிது. பொண்ணு அது இருக்கட்டும்னு சொல்லிச்சி."

நான் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஆவணில கல்யாணமாமே. அதுக்கு முன்ன நீ ஒரகடத்துல ஆஸ்டலுக்குப் பூடுவன்னு அந்தத் தம்பி சொல்லிச்சி. எப்போ கெளம்புற?"

"பாத்துக்கிட்டிருக்கேன்கா" என்றேன்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன். ஏமாந்ததுகூடப் பரவாயில்லை, ஏமாந்தது அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று அந்த நிமிடம் தோன்றியது. அவர் இறங்கிப் போனதும் எழுந்து நோட்டைப் பார்த்தேன். அன்று மதியம் அவன் எழுதிவிட்டுப் போனது: "முடிந்தது: கண்ணாடி மாட்டியாச்சு. நிலுவை: ஒன்றுமில்லை." கண்ணாடி நிஜமாகவே மாட்டியிருந்தது. அதில் நெல்லிக்காயோடும் மூக்கில் மயில்நீலத்தோடும் ஒருவன் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை வரை நோட்டில் எதுவும் எழுதவில்லை. அவன் அதிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். காலையில் நான் கண் விழித்தபோது கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா சொல்லிட்டாவளா?"

"எப்பம் நிச்சயம் ஆச்சு?"

"தை மாசம்."

பாய் கடைக்குப் போனது தை மாதம்.

"ஏன்டே சொல்லல?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்லணும்னுதான் இருப்பேன். நீ உப்புத்தாள வச்சிக்கிட்டு பாட்டுப் பாடிக்கிட்டு இருப்ப."

"நான் பாடுனதுதான் தப்புங்கியா?"

"கோவப்படாதல. சொன்னா அன்னைக்கே நீ பெட்டியத் தூக்கியிருப்ப. அப்புறம் இத யாரு செய்வா? எனக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியுமா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதுதான். வீடு முழுக்க உள்ள ஆணிகளை நான்தான் அடித்தேன். கோபமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வேறு கேள்வி வந்தது.

"அப்பம் அந்தப் பிரசவ வார்டு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நோட்ட போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவேன். அவ சொல்லுவா, நான் எழுதுவேன்."

"வண்டலூரு?"

"அதுவும் அவதான். தமாசு எல்லாம் அவதான்டே. 'சரி'ன்னு எழுதுனது மட்டும்தான் நான்."

வீடு போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய அடியாக விழுந்தது. ஆறு மாதமாக நான் ஓடி ஓடி வந்து படித்தது என் நண்பனை இல்லை. அவனிடம் நான் புதிதாகக் கண்டுபிடித்து, கேன்டீன் முழுக்கப் பெருமை அடித்த ஆள் இந்த அறையில் இருந்ததே கிடையாது. இருந்தவன் எனக்குப் பழகின பழைய ஆள்தான். என்னிடம் சொல்ல அவனுக்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

"ஒனக்கு எடம் பாத்து வச்சிட்டேன்" என்றான். "நம்ம பக்கத்துப் பயலுவதான். எட்டுப் பேரு. கீழ் பெர்த்து."

"ரயிலு எப்பம் கெளம்பும்?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. தமாஷ் என்று சொல்லித்தர பக்கத்தில் ஆள் இல்லை. சாமான்களில் என் பங்கைப் பற்றிப் பேச்செடுத்தான். நான் எழுந்து காபி போடப் போனேன். தட்டில் இடித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் கிளம்பினேன். அவன் டூட்டியில் இருக்கும் மதிய நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினேன். ஒரு பை, ஒரு வாளி, ஒரு தலையணை. பையைத் தோளில் மாட்டிய பிறகு பழக்கம் விடவில்லை, நோட்டை எடுத்தேன். லைனில் எவன் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும் அடுத்த ஷிஃப்டுக்குத் தெரிந்த குறையை மறைக்கக் கூடாது. அதனால் ஒழுங்காகவே எழுதினேன். மூன்றாவது இழுப்பறை மழைக்கு இறுகும், மெழுகுவத்தி தேய்க்கவும். கட்டிலின் கால் ஒன்று குட்டை, அடியில் வைத்த அட்டையை எடுக்க வேண்டாம். பச்சைச் சுவரில் ஈரத் துணி போட வேண்டாம்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டிரெஸ்ஸிங் டேபிளின் கீழ் வரிசையில் வலது ஓரக் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை. நோட்டில் கடைசி வரி எழுதினேன்: "குறைபாடு: இல்லை." வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் ரிப்போர்ட் அதுதான்.

கல்யாணத்துக்குப் போகவில்லை, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டேன். கார்த்திகையில் ஒரு நாள் அவன் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. அந்த நோட்டின் பக்கம். என் கடைசி வரிக்குக் கீழே, நான் அதுவரை பார்த்திராத உருண்டைக் கையெழுத்து:

"குறைபாடு: குமிழ் ஒன்று குறைகிறது. கீறல் இல்லாமல் கழற்றப்பட்டிருப்பதால் ஆய்வாளர் மீதே சந்தேகம். சமையலறைத் தட்டு சரியான உயரம், நன்றி. நெற்றி எப்படி?"

ஹாஸ்டலில் கீழ் பெர்த்தில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டேன். என்ன அண்ணே என்று மேல் பெர்த்துக்காரன் எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றேன்.

குமிழ் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. அந்த வரிகளுக்கு நல்ல பதில் ஒன்று அன்றைக்கே தோன்றிவிட்டது, இன்னும் மறக்கவில்லை. அனுப்பினால் அவன் போனுக்குத்தான் போகும். அவன் படித்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பான். அனுப்பவில்லை.