இரண்டு முத்திரைக்காரர்

1. 'பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும்' என்று அட்டையில் போட்ட புத்தகம் ஒன்று ஸ்ரீவராகத்து வாசகசாலைக்கு வந்தது. பிரபஞ்சம் எங்கே முடிகிறது என்பது அதன் முதல் கேள்வி.
2. என் அக்காவின் ஒன்பது வயது மகள் தன் சிறுவர் கார்டை நீட்டினாள். 'பெரியவர்களுக்கும்' என்று போட்டிருக்கிறதே என்று நூலகர் மறுத்தார்.
3. என் பெரியவர் கார்டை நீட்டினேன். 'சிறுவர்களுக்கும்' என்றும் போட்டிருக்கிறதே என்று அதற்கும் மறுத்தார்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அணிந்தவர். மேஜையில் 'பெரியவர்', 'சிறுவர்' என இரண்டு ரப்பர் முத்திரைகள். புத்தகத்தில் ஒன்றைக் குத்தியதும் மை உலர வாயால் ஊதுவார்.

"ரெண்டையும் குத்துங்க சார்."

"குத்தினா எந்த ரெஜிஸ்டர்ல எழுதறது மோளே? கமிட்டி கூடித் தீர்மானிக்கட்டும்" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

"அதுக்குள்ள இவ வளர்ந்துடுவா!"

"அப்போ பிரச்சினை தீர்ந்தல்லோ. பெரியவங்க கார்டுல எடுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. என் ஆபீஸ் மென்பொருளில் இப்படியொரு விதி எழுதியிருந்தால் வேலையே போயிருக்கும். ஆத்திரத்தில் கார்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமைதோறும் போய்க் கேட்கிறோம். பூட்டிய கண்ணாடி அலமாரியில் புத்தகம் தெரிகிறது. அதற்குள் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருப்பதைக் குழந்தைதான் காட்டினாள். போன வாரம் முதல் பக்கங்களில் இருந்தது, இந்த வாரம் பாதியைத் தாண்டிவிட்டது. சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கிறது.

கமிட்டி இன்னும் கூடவில்லை.