வெளுத்த கண்

அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பதினோரு வருஷமாக ஆகாது. காரணம் அற்பமல்ல. எச்.ஐ.வி.யை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன், வாங்கிக்கொண்டவள் அவள். விட்டுப் போயிருக்கலாமே என்பவர்கள், எங்கே போவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சீருடை தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஆரம்பத்தில் கொடுத்த கூட்டு மருந்தில் ஒரு மாத்திரை அவள் பாதங்களைத் தின்றுவிட்டது. முதலில் எரிச்சல், பிறகு மரத்துப் போனது. மருத்துவமனையில் “ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்று கேட்டபோதெல்லாம், மருந்தையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, “ஒண்ணுமில்லைங்க” என்றாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் மாத்திரையை மாற்றினார்கள். மரத்த கால் மரத்ததுதான். இன்றும் தையல் மிஷினை மிதிக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

அவனுக்கு வந்தது வேறு. போன வருஷம் கொடுத்த புது மாத்திரையில் கண் மஞ்சளாகிவிட்டது. அப்படி ஆகலாம், கெடுதல் இல்லை என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே அவன் கண்ணைக் கண்டவர்களுக்கெல்லாம் காமாலைப் பயம். கண்ணாடி வாங்க வந்த ஒருத்தர் பாதியில் எழுந்தே போனார். முதலாளி அவனைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். கண்ணுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்று கறுப்புக் கண்ணாடி போட்டவன் சொன்னால் எவன் நம்புவான்?

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை ‘ணங்’கென்று வைத்தவள், தற்செயலாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண் வெளுத்திருந்தது.

“முதலாளியே சொல்லிட்டாரு, காமாலை போயிடுச்சாம்,” என்று சிரித்தான்.

அவள் அலமாரியிலிருந்த அவன் மாத்திரை டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டினாள். இருபது நாள் மாத்திரை அப்படியே கிடந்தது.

“ஏன்யா, சாகப் போறியா?”

“நாள் பூரா கண்ணாடி முன்னால நிக்கிறவன் நான். உனக்கென்ன தெரியும்?”

“எனக்கா தெரியாது? ரெண்டு காலையும் கொடுத்துட்டு முழுங்குறேன்யா! மஞ்சளாயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னியா?”

“கேட்டாங்க. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டல. ஒண்ணுமில்லைன்னுட்டேன்.”

தன் பழைய வார்த்தையை அவன் வாயில் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்கு இதைக் கொடுத்துட்டு நீ மட்டும் முன்னால கிளம்பலாம்னு பாக்குறியா? விடமாட்டேன். இருந்து தினமும் என்கிட்ட திட்டு வாங்கணும்.”

மறுநாள் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். “மஞ்சளாகாத மாத்திரையும் இருக்குங்க. வாயைத் திறந்து கேக்கக் கூடாதா?” என்று நர்ஸ் கடிந்துகொண்டாள். நடுவில் நிறுத்தியதால் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மாற்றுவார்களாம். அதுவரை பழைய மாத்திரையே.

தினமும் காலையில் அவன் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவன் முறைத்தான், முறைக்கட்டும், கண் நன்றாகத் தெரியும். ஐந்தாம் நாள் வெள்ளையில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

“ம்... பழையபடி அசிங்கமா இருக்கு,” என்றாள். செருப்பு காலில் ஏறிவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.