காய்ந்த கீரையைக் கழுவினால்

கர்ப்பமாக இருந்த மாதங்களில் எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் குமட்டியது என் மாமியார் செய்து கொடுத்த முருங்கைக்கீரைப் பொடிதான். வைக்கோலை அரைத்தது மாதிரி ஒரு பழுப்பு நிறம், நாக்கில் நறநறப்பு. தினமும் அதைச் சுடுசோற்றில் பிசைந்து வைத்து, நான் விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

காரணம் இருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே போனால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் போட்ட வேகத்தில் வெளியே வந்துவிடும். அதனால் கீரையை நம்பினோம்.

மாமியார் வீடு இருந்த எண்ணூரில் மொட்டை மாடி கீரை காய வைக்கிற இடமே இல்லை. காலையில் விரித்த வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இறங்கும். கரித்தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு புகைபோக்கியைக் காட்டுவார்கள். நான் பிறந்த காலடிப்பேட்டையிலும் தூசி உண்டு, ஆனால் தட்டினால் போய்விடும். இது பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். கழுவாத கையோடு சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சோறே இறங்காது.

ஒருநாள் மூச்சு வாங்க வாங்க மாடிக்கு ஏறினேன். உச்சி வெயிலில் மொறமொறவென்று காய்ந்திருந்த கீரையை மாமியார் வாளித் தண்ணீரில் முக்கி அலசிக்கொண்டிருந்தார். பறித்ததும் ஒரு தடவை கழுவுவாராம். காய்ந்ததும் கரி போக ஊறவைத்து இன்னொரு தடவை. பிறகு மறுபடி அதே வெயில், அதே தூள். வாளித் தண்ணீர் பச்சையும் கறுப்புமாக, மேலே ஏடு கட்டி நின்றது. அதைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினார். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறவில்லை. நர்ஸம்மாவிடம் வாளிக் கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். சுள்ளென்ற வெயிலில் காய்ந்தால் வைட்டமின் நிறையப் போய்விடும், இரும்பாவது மிஞ்சும். காய்ந்ததை ஊறவைத்தால் அதிலும் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும் என்றார். நிழலில் காற்றாடக் காய வைத்தால் பச்சை மாறாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கோபமாகத்தான் சொன்னேன். சத்து சாக்கடைக்கு, கரி எனக்கா என்று கேட்டேன்.

"சரி, கீரைய கழுவல. மூக்குல கரி ஏறிக்கினு கீதே, அத்த இன்னாத்துல கழுவுவே?" என்றார் மாமியார்.

பிறகு அவரே எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, தன்னுடைய கட்டிலில் பழைய புடவையை விரித்து, கழுவி ஈரம் ஒற்றிய கீரையை ஃபேனுக்கு அடியில் பரப்பினார். அது காயும்வரை தரையில் படுத்தார். பொடி பச்சைப்பசேலென்று வந்தது, கீரை வாசனையும் அப்படியே இருந்தது. நர்ஸம்மா இரும்புச்சத்து ஊசியும் போட ஆரம்பித்திருந்தார். எதனாலோ ரத்தம் ஏறியது. பையன் நல்லபடியாகப் பிறந்தான்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம், பால் குடிக்கும்போது மூச்சு கொறகொறவென்றது. மாமியார் ஈரத்துணியின் நுனியைத் திரித்து அவன் மூக்கைத் துடைத்தார். துணியில் கறுப்பாக வந்தது. அவர் அந்தத் துணியை அலசப் போனார்.