முந்நூறு பிள்ளைகளின் அப்பா

கிளிஃபர்ட் என்ட்விசிலுக்குச் சாலைகள் குழுதான் வேண்டியிருந்தது. முப்பது வருடம் கார்ஸ்டால் கடைத்தெருவில் தரைக் கம்பளம் விற்றவர். குண்டும் குழியுமான ரோட்டில் டெலிவரி வேன் ஓட்டி இடுப்பு ஒடிந்தவர். கட்சிக்கு வேறு ஆள் கிடைக்காததால் நின்றார், எதிர்க்கட்சிக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் ஜெயித்தார். எந்தக் கவுன்சிலருக்கு எந்தக் குழு என்று பிரித்துக்கொடுத்த அன்று அவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது குழந்தைகள் நலக் கண்காணிப்புக் குழுவில்தான் ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது. நகர மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. அவர் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். அதைக் குறிப்பில் எழுதவில்லை.

புதிய உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடந்தது. பெற்றோரிடமிருந்து நீதிமன்றம் பிரித்தெடுக்கும் பிள்ளைகளுக்கு இனி நகர மன்றம்தான் தாய் தகப்பன், அதாவது நீங்கள் ஒவ்வொருவரும்தான் என்று ஓர் இளம் அதிகாரி விளக்கினார். மற்றவர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். கிளிஃபர்ட் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஒரே மகன் கிரஹாம் ஆஸ்திரேலியாவில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான், அதையும் அம்மாவிடம்தான் பேசுவான்.

"மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"முந்நூறுக்கு மேல இருக்காங்க, கவுன்சிலர்."

"முந்நூறு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து கடைத்தெருவிலும் மதுக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் அவர் முந்நூறு பிள்ளைகளின் அப்பா.

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். தலையணை கனத்தில் அறிக்கை வரும். நன்றாக நடப்பதற்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. ஆபத்திலிருக்கும் குழந்தையை எத்தனை நாளுக்குள் போய்ப் பார்த்தார்கள், ஒரு சமூகப் பணியாளர் எத்தனை மாதம் வேலையில் நிலைத்தார் என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். கம்பளம் விற்றவருக்கு நிறம் தெரியும். கிளிஃபர்ட் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "இந்தப் பச்சை கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கே?" என்பார். குழந்தைகள் துறை இயக்குநர் லோர்னா மெக்கின்டயர் முகம் மாறாமல், "போன தடவையைவிட அடர்த்தியாத்தான் இருக்கு" என்பார். கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. கண்காணிப்பு முடிந்தது. அப்படியே கிளிஃபர்ட் அந்தக் குழுவுக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

அவர் தலைவராக இருந்தபோதுதான் மத்திய ஆய்வாளர்கள் வந்து எங்கள் துறைக்குப் 'போதாது' என்று மதிப்பெண் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து 'முன்னேற்றம் தேவை' என்று ஏற்றினார்கள். அதற்கு நகர மன்றத்தில் கேக் வெட்டினோம். முன்னேற்றம் தேவை என்று எழுதிய கேக்கை உலகத்திலேயே நாங்கள்தான் தின்றிருப்போம்.

வருடாந்திரப் பரிசு விழாவில் டெமி என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அவர் சான்றிதழ் கொடுத்தார். அதில் பெயர் 'டாமி' என்று அச்சாகியிருந்தது.

"நான்தான்மா உனக்கு அப்பா மாதிரி" என்றார் கிளிஃபர்ட், கையைக் குலுக்கியபடி.

"அப்படியா? என் பேரு டாமி இல்ல."

"நல்ல பேரு, நல்ல பேரு" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டார்.

ஊரில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள வீடுகள் இல்லை. பலரை நூறு மைலுக்கு அப்பால், கடலோர ஊர்களில் இருந்த தனியார் விடுதிகளுக்கு அனுப்பியிருந்தோம். டெமியும் அங்கேதான் இருந்தாள். அவளுடைய தம்பி கார்ஸ்டாலில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தான். மாதம் ஒருமுறை, ரயில் ஓடினால், பார்த்துக்கொள்வார்கள். இதை அறிக்கையில் படித்த கிளிஃபர்ட் உண்மையாகவே கொதித்துப்போனார். மன்றத்தில் எழுந்து, "நம்ம பிள்ளைங்க நம்ம ஊருக்குத் திரும்பி வரணும்" என்று பேசினார். குரல் உடைந்தது. எதிர்க்கட்சிக்காரர்களும் கைதட்டினார்கள். சிறிய இல்லங்களாக, சாதாரணத் தெருக்களில், சாதாரண வீடுகளை வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது.

எட்டு மாதம் கழித்து, ஹாதர்ன் அவென்யூவின் விளக்குக் கம்பத்தில் நகர மன்றத்தின் கட்டட அனுமதி அறிவிப்பு ஒன்று மஞ்சள் தாளில் தொங்கியது. கிளிஃபர்டின் மனைவி ஆட்ரி ரொட்டி வாங்கப் போனபோது அதைப் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

"கிளிஃப், உன் பிள்ளைங்க வராங்க."

"எங்க?"

"பக்கத்து வீட்டுக்கு. மூணு பேராம்."

மறுநாள் காலை அவர் என் மேசை முன்னால் நின்றார். "இது ஏதோ தப்பா நடந்திருக்கு" என்றார். தப்பில்லை என்றேன். "நான் பிள்ளைங்களுக்கு எதிரானவன் இல்ல, அது உனக்கே தெரியும். பார்க்கிங்தான் பிரச்சனை."

தெருவிலும் எல்லோருக்கும் பார்க்கிங்தான் பிரச்சனை. வாசல் வாசலாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஒருவர்கூட 'பிள்ளைகள்' என்ற வார்த்தையை எழுதவில்லை. வாகன நெரிசல், குப்பைத்தொட்டி, தெருவின் இயல்பு என்றே எழுதினார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் அந்த வீட்டுப் பரணில் வௌவால் இருப்பதாகவும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்றும் எழுதினார். வௌவாலுக்காக அந்தத் தெரு காட்டிய கரிசனத்தைப் படித்தபோது, எங்கள் துறைக்கு இப்படிப்பட்டவர்கள் கிடைக்கவில்லையே என்றிருந்தது.

கட்டட அனுமதிக் குழு கூடிய அன்று அரங்கு நிறைந்துவிட்டது. பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம். கிளிஃபர்ட் குடியிருப்பவர் என்ற முறையில் பேசினார். பிள்ளைகள் மீதான பாசத்தைப் பற்றியே இரண்டு நிமிடம் போயிற்று. கடைசி நிமிடத்தில், "இந்தத் தெரு அவங்களுக்கு ஏத்ததில்ல, அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று முடித்தார். பின்னால் கைதட்டல் எழுந்தது.

ஆதரித்துப் பேச ஒரே ஒருவர்தான் பெயர் கொடுத்திருந்தார். நான் வாசித்தேன்: "திருமதி ஆட்ரி என்ட்விசில்."

கிளிஃபர்ட் திரும்பிப் பார்த்தார். தன் பக்கத்து நாற்காலி காலியாவதை அப்போதுதான் கவனித்தார்.

ஆட்ரி ஒலிவாங்கியைச் சரிசெய்யக்கூட முயலவில்லை. "எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல" என்றாள். "ராத்திரி சாப்பாட்டு மேசையில கேட்டுத்தான் பழக்கம். பதினோரு வருஷமா இந்தப் பிள்ளைங்க கதையைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன். பட்டாணி ஆறிப்போகும், இவர் நிறுத்த மாட்டார். சரி, வரட்டுமே, பாக்கலாம்னு இருக்கு. அப்புறம் பார்க்கிங். எங்க வீட்டு முன்னால ரெண்டு கார் நிக்குது. ஒண்ணு ஓடும். இன்னொண்ணை இவர் ரிப்பேர் பண்ணப் போறார், நாங்க இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பண்ணப் போறார். அதைத் தூக்கிட்டா அவங்க வண்டிக்கு இடம் கிடைச்சிடும்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. கூட்டத் தலைவர் மேசையைத் தட்டினார்.

"வௌவால் பத்தி?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"எங்க பரண்ல எலி இருக்கு, கண்ணு. அதுக்கு நாங்க யார்கிட்டயும் அனுமதி கேட்கல."

ஒரு வாக்கு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது. இருவரும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போனார்கள். வழியில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று ஆட்ரி பிறகு சொன்னாள். "அவ்ளோ அமைதியா நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட வீடு போய்ச் சேர்ந்ததில்ல" என்றாள்.

கோடையில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி டெமி. கிளிஃபர்ட் முதல் வேலையாக வேலியை இரண்டு அடி உயர்த்தினார். ஆட்ரி அதில் ஒரு பலகையைக் கழற்றச் சொன்னாள். மறுத்தார். அவளே கழற்றினாள். அந்த இடைவெளி வழியாக டெமி வந்து சமையலறையில் உட்கார்ந்து வறுத்த ரொட்டி தின்பாள். தன்னிடம் வந்த சமூகப் பணியாளர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது என்றும், எல்லோரும் முதல் நாள் 'உன்னைப் பத்திச் சொல்லு' என்று கேட்டு, அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலையை விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னாள். ஆட்ரி எதுவும் கேட்கவில்லை, ரொட்டிக்கு வெண்ணெய் மட்டும் தடவினாள். கிளிஃபர்ட் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

"தாத்தா, பேப்பர் தலைகீழா இருக்கு" என்றாள் டெமி ஒருநாள்.

இல்லை, நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த மே மாதத் தேர்தலில் அவருடைய துண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த வீட்டின் படம் இருந்தது. 'சொன்னதைச் செய்தேன், நம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தேன்' என்று கீழே அச்சிட்டிருந்தது. ஆட்ரி அதைப் படித்துவிட்டுக் கேரட் தோலைச் சீவிப் போட விரித்துக்கொண்டாள். தெருக்காரர்களும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். தங்களோடு சேர்ந்து அந்த வீட்டை எதிர்த்துத் தோற்றவரை அவர்கள் எப்போதும் மன்னித்துவிடுவார்கள். பெரும்பான்மை முன்பைவிடக் கூடியது.

ஆய்வாளர்கள் மறுபடி வந்தபோது டெமியிடமும் பேசினார்கள். உங்கள் கவுன்சிலரைத் தெரியுமா என்று கேட்டார்கள்.

"தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பார். குறட்டை விடுவார்" என்றாள்.

அறிக்கையில் அது இப்படி வந்தது: 'பிள்ளைகள் தங்கள் கவுன்சிலர்களை நெருக்கமாக அறிந்திருக்கிறார்கள்.' துறைக்கு 'நன்று' என்று கிடைத்தது. கிளிஃபர்ட் அந்த வரியை மன்றத்தில் வாசித்தபோது குரல் மறுபடியும் உடைந்தது. நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த வேலியை உயர்த்தியது யார் என்பதை அவர் அதற்குள் மறந்திருந்தார், அவ்வளவுதான்.

டெமிக்குப் பதினெட்டு வயதானதும் நகர மன்றம் தாய் தகப்பன் பொறுப்பிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை ஒதுக்கினார்கள். சாமான் ஏற்றிக்கொடுக்க யாரையும் ஒதுக்கவில்லை. ஆட்ரி, கணவரை முழங்கையால் இடித்துக் கிளப்பினாள். பழைய சோபா ஒன்றின் ஒரு முனையை அவரும் மறுமுனையை டெமியும் தூக்கினார்கள். மாடிப்படியின் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது.

"இதுக்குத்தான் சொன்னேன், அளந்து பார்க்கணும்னு" என்றார் கிளிஃபர்ட், மூச்சு வாங்க.

"நீங்க சொல்லவே இல்ல."

"மனசுல சொன்னேன்."

"கால் பக்கம் தூக்குங்க, தாத்தா. பேசாதீங்க."

அவர் பேசாமல் தூக்கினார்.