ட்ரோனுக்கு நான்கெல்லை

போன வாரம் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. இரண்டாவது ட்ரோன் வாங்க நானும் ஸ்டெல்லாவும் வங்கியில் கடன் கேட்டோம்.

2. "நீங்க ரெண்டு பேரும் பார்ட்னர்னா, பத்திரம் எங்கேம்மா?" என்றார் மேனேஜர்.

3. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

4. பத்திரம் எழுதப் போனோம்.

5. அதுவரை சண்டையே போட்டிராத நாங்கள், யார் வயதில் சின்னவள் என்று பாபநாசம் டீக்கடை வாசலில் கத்திக்கொண்டு நின்றோம்.

ஐந்தாவதற்கு விளக்கம் தேவைதான். சொல்கிறேன்.

ஸ்டெல்லாவும் நானும் பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது பாபநாசம் சுற்றுவட்டார வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுக்கிறோம். அவள் பறக்கவிடுவாள். பேட்டரி, நாசில், ரிப்பேர், திட்டு வாங்குவது - இவை என் பொறுப்பு. முதலீடு பாதிப் பாதி. அவள் பாதி, உரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா கொடுத்தது. என் பாதி, சென்னையில் வேலை பார்த்துச் சேர்த்ததும் அம்மாவின் வளையல்களும். அம்மா ஒரு காலத்தில் நடவு ஆள். அவர் நாற்று நட்ட அதே வயல்களுக்கு மேலேதான் இன்று எங்கள் ட்ரோன் பறக்கிறது. இதை நான் உருக்கமாகச் சொன்னால் அம்மா கேட்பது ஒன்றுதான். "கூலியைக் கையோட குடுத்துடுறாங்களா?"

சரி, பத்திரத்துக்கு வருவோம். நான் ஏற்கெனவே ஒரு வரைவு வைத்திருந்தேன். யார் எப்போது பேட்டரி சார்ஜ் போடுவது என்பதற்கு மட்டுமே அதில் ஒன்பது ஷரத்து. அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? எங்கள் பக்கம் பத்திரம் என்றால் ஒரே இடம்தான் - ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து காலம் முழுக்க நிலப் பத்திரம் எழுதுகிறவர். என் வரைவை மரியாதையாக வாங்கி, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

"சொத்து என்ன?"

"ட்ரோன், சார்."

"நான்கெல்லை சொல்லுங்க."

"அது பறக்கும் சார்..."

"ராத்திரி எங்க நிக்கும் பாப்பா?"

"எங்க வீட்டு ஷெட்ல," என்றாள் ஸ்டெல்லா.

"அதுக்கு வடக்கே?"

"இவளோட ஸ்கூட்டி," என்றேன்.

எழுதிக்கொண்டார். தெற்கே கேஸ் சிலிண்டர். கிழக்கே சுவர். மேற்கே கதவு. பிறகு கணீரென்று வாசித்துக் காட்டினார் - "மேற்படி ட்ரோனை அதில் கண்ட மாவடை மரவடை, நிதி நிட்சேபம் சகிதம், இரு பார்ட்டிகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்து வரவேண்டியது..."

"சார், ட்ரோன்ல மரம் இல்லையே!" என்றேன்.

"இப்ப இல்ல. எழுதி வெச்சா என்ன குறைஞ்சுபோச்சு?"

அப்போதுதான் கவனித்தேன். அவர் மாதிரிக்கு விரித்து வைத்திருந்தது இரண்டு அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினைப் பத்திரம். சேரப் போகிறவர்களுக்கு, பிரிந்தவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்! எழுந்து போயிருப்போம். ஆனால் அதிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது.

"நாளைக்கு நீங்க பிரிஞ்சா?"

என் வரைவில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை. சார்ஜருக்கு ஒன்பது, பிரிவுக்குப் பூஜ்யம். கல்யாணப் பத்திரிகையில் யாராவது விவாகரத்துக்கு இடம் விடுகிறார்களா என்ன?

"வழக்கம் இருக்கே," என்றார் அவர். "மூத்தவன் பங்கு பிரிக்கணும், இளையவன் முதல்ல எடுக்கணும். நல்ல பக்கம் தம்பிக்குப் போயிடுமேங்கிற பயத்துலயே அண்ணன்காரன் வரப்பை நேரா வெட்டுவான். ட்ரோனை வெட்ட முடியாது. அதனால மூத்தவங்க பாதிப் பங்குக்கு ஒரு விலை சொல்லட்டும். அந்த விலைக்கு வாங்கிக்கிறதா, வித்துட்டுப் போறதான்னு இளையவங்க முடிவு பண்ணட்டும்."

எவ்வளவு சுத்தமான லாஜிக்! ஏமாற்றி விலை சொன்னால் சொன்னவருக்கே நஷ்டம். இரண்டு பேரும் தலையாட்டினோம். டீ குடிக்க வெளியே வந்தோம். அங்கேதான் ஆரம்பித்தது.

"நான்தான்டி சின்னவ," என்றாள் ஸ்டெல்லா.

"சர்டிபிகேட்ல நீ எனக்கு மூணு மாசம் பெரியவ."

"உன் சர்டிபிகேட் தேதி ஹெட்மாஸ்டர் வெச்சது. நீ பொறந்தது எந்த மாசம்னு உங்கம்மாவே எனக்குச் சொல்லியிருக்காங்க. சம்பா அறுப்பு அப்போ, தை மாசம்! உனக்கு எப்படிடி ஜூன் மாசம் வந்துச்சு?"

"உனக்கு மட்டும்?"

"எனக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்கு."

"பொறந்த அன்னிக்கேவா ஞானஸ்நானம் குடுத்தாங்க?"

டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பத்திரம் எழுதுகிறவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாராவது ஒருத்தர் மூத்தவங்களா இருந்துட்டுப் போங்களேன்மா, மாப்பிள்ளையா பாக்குறோம்?" என்றார். முடிவாகாமல் ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போனோம்.

கோபம் வந்தால் சிலர் தூங்குவார்கள். நான் தாளில் கட்டம் போட்டுக் கணக்குப் பார்ப்பேன். போட்டேன். அவள் மூத்தவள் என்றால் - விலையை அவள் சொல்வாள். எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், மொத்தமாக எண்ணி வைக்க என்னிடம் பணம் இல்லை. விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். நான் மூத்தவள் என்றால் - விலையை நான் சொல்வேன். "நீயே வாங்கிக்க" என்று அவள் சொல்லிவிட்டால்? அப்போதும் கை விரிப்பேன். எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் ட்ரோன் ஸ்டெல்லா வீட்டு ஷெட்டில் நின்றது. அவளுக்குப் பின்னால் ஒரு உரக்கடை இருக்கிறது. எனக்குப் பின்னால் ஒரு பித்தளை அண்டா.

வழக்கத்தில் தப்பில்லை. நிலத்தை எடுப்பதற்கு விரல் நீட்டினால் போதும். விலைக்கு எடுக்கப் பணம் வேண்டும். சமபங்கு என்று எழுதிவிட்டால் இருவரும் சமமாகிவிடுகிறார்களா?

இதை ஸ்டெல்லாவிடம் சொல்லியாக வேண்டும். நெருங்கிய தோழியிடம் "உங்கப்பாகிட்ட காசு இருக்கு" என்று சொல்வது, "உன் வாய் நாறுது" என்று சொல்வதைவிடக் கஷ்டம். மறுநாள் ஒரு வயலில் காற்று அடங்கட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட்டேன்.

அவள் ரிமோட்டை வரப்பில் வைத்தாள்.

"நான் உன்னைத் துரத்துவேன்னு நினைக்கிற. அப்படித்தானே பவி?"

"நினைக்கல. துரத்த முடியும்னு எழுதப் போறோம்."

"எங்கப்பா கேட்டதும் எடுத்துக் குடுத்துடுவாரா? அந்த ஸ்கூட்டிக்கே ஒரு வருஷம் ஜெபம் பண்ணேன்டி!"

"ஸ்கூட்டிக்குக் குடுக்க மாட்டார். முழு ட்ரோனும் உனக்குன்னா?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

"குடுப்பாரு. இப்பவே கடையில எல்லார்கிட்டயும் 'எங்க ட்ரோன்'னுதான் சொல்லிட்டிருக்காரு."

காற்று அடங்கவே இல்லை. அன்று மருந்து அடிக்கவில்லை, ஷரத்து எழுதினோம். வாங்குகிறவர் யாராக இருந்தாலும் மூன்று போகம் கெடு. ட்ரோன் ஓடி வரும் வருமானத்திலிருந்தே தவணையாகக் கட்டலாம். இது நான் சொன்னது. வயதுச் சண்டையைத் தீர்த்தது ஸ்டெல்லா. "யாரு முதல்ல பிரியலாம்னு வாயைத் திறக்கிறாங்களோ, அவங்கதான் மூத்தவங்க. அவங்க விலை சொல்லட்டும்."

அவள் அப்பா வரைவை இரண்டு முறை படித்தார். "என்னம்மா பவி, உங்களுக்குள்ள நம்பிக்கை இல்லையா?" என்றார். கேட்டபோது அவர் தலைக்கு மேல் 'இன்று ரொக்கம், நாளை கடன்' போர்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கு அங்கிள். அது இருக்கும்போதே எழுதிடலாம்னுதான்."

உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேன். முகம் பார்க்காதவர்கள் எழுதும் பிரிவினையில் நியாயத்தை வக்கீல்தான் தேட வேண்டும். ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பவர்கள் எழுதினால், அடுத்தவளுக்கும் சேர்த்து யோசிக்க வருகிறது.

பத்திரம் எழுதுகிறவர் மரவடையை எடுத்துவிட்டார். நிதி நிட்சேபத்தை எடுக்க மறுத்துவிட்டார்; புதையல் விஷயத்தில் அவர் கறார். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு பக்கம் ஸ்டெல்லாவின் அப்பா, மறுபக்கம் என் அம்மா. அம்மா பேனாவைத் திறக்கும் முன், "இதுல உன் பாதி எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். அந்த வரியை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்த பிறகே போட்டார்.

இப்போதைய நிலவரம்: பத்திரம் வங்கியில் இருக்கிறது. கடன் இன்னும் வரவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ட்ரோன். அதில் பாதி என்னுடையது.