மவுஸ் தாவிய மூன்று நாட்கள்

அந்த மவுஸின் இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டியிருக்கும். உள்ளங்கை எவ்வளவு வேர்த்தாலும் வழுக்காது. புதிதாகப் பிரித்தபோது வந்த ரப்பர் வாசனை ஒரு மாதம்வரை என் விரல்களிலேயே இருந்தது...

மாமா பெங்களூரிலிருந்து வாங்கி வந்த கேமிங் மவுஸ் அது. நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வேங்கிக்காலில் எங்கள் வீடு. மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் மேசை. நிமிர்ந்து எழுந்தால் தலை இடிக்கும்.

அங்கே உட்கார்ந்துதான் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். டீமில் ஐந்து பேர். நான் ஒருத்திதான் பெண். என் வகுப்பில் படித்த பிரபு கேப்டன்.

அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். திட்டத் தெரியாத மனிதர், அதனால் முணுமுணுப்பார். "பொட்டப் புள்ள... நாள் பூரா டுமீல் டுமீல்னு. ஒரு நாளைக்கு அந்த எலியத் தூக்கி வெளில போட்றேன் பாரு." மவுஸை அவர் கடைசிவரை எலி என்றுதான் சொன்னார்.

கல்லூரிகளுக்கு இடையே ஆன்லைனில் ஒரு போட்டி வந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதல் ஆட்டம். நாங்கள் கலந்துகொண்ட முதல் போட்டி அதுதான்.

வெள்ளிக்கிழமை பிராக்டீஸில் ஆரம்பித்தது தொல்லை. மவுஸை ஒரு விரலளவு நகர்த்தினால் திரையில் துப்பாக்கிக் குறி வானத்துக்குத் தாவியது. அடுத்த முறை மேசை முழுக்க இழுத்தாலும் அசையவில்லை. எதிரி நேரே நிற்கிறான். நான் சுவரைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

"சென்சிட்டிவிட்டி ஜாஸ்தியா இருக்குது. கம்மி பண்ணு," என்றான் பிரபு.

மவுஸ் வேகத்தைக் கம்மி பண்ணினேன். நடுவில் நின்று திடீரென்று தாவியது. மறுபடி கூட்டினேன். விண்டோஸ் செட்டிங்ஸில் பாயிண்டர் வேகத்தைத் தானாக மாற்றும் டிக்கை எடுத்தேன். மவுஸுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். யு.எஸ்.பி. போர்ட் மாற்றினேன். அடியில் விரித்திருந்த மவுஸ் மேட்டை எடுத்துவிட்டுப் பரீட்சை அட்டையை வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை இன்னும் மோசம்.

"உனுக்குக் கை நடுங்குது. டென்ஷன் ஆவற," என்றான் பிரபு போனில். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா நெனச்சிக்காத. நாளைக்கு மூணு மணிக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்," என்றான்.

போனை வைத்துவிட்டு என் கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் காரணமோ... எனக்கு இதெல்லாம் வராதோ...

ஞாயிறு மதியம் பரணிலிருந்து பழைய மவுஸை இறக்கி மாட்டினேன். மாட்டுவண்டி வேகம்தான். ஆனால் தாவவில்லை, ஒரே சீராகப் போனது. அப்போதுதான் புரிந்தது. கோளாறு என் கையில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை, புது மவுஸில்தான்.

அடுத்த நொடி என் கோபம் முழுக்க அப்பா மேல் திரும்பியது. வெளியில் போடுவேன் என்று சொன்னவர் அவர்தானே.

சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"என் மவுஸ எதனா பண்ணீங்களாப்பா?"

"நான் ஏன் அதத் தொடப் போறேன்?"

பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா, மணி ரெண்டர. மூணு மணிக்கு என்னைய டீம்ல இருந்து எடுத்துடுவாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "துண்ணூறுதான் கொஞ்சம் வெச்சேன்," என்றார்.

"எங்க?"

"அந்த எலி மேலதான்... மேல வெச்சா நீ தொடச்சிடுவ. அதனால அடியில வெச்சேன். வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனேன் இல்ல, அப்பக் குடுத்தது. மூணு நாளா காலைல வெக்கிறேன்."

ஓடிப்போய் மவுஸைத் திருப்பினேன். மூன்று நாட்களில் அதை ஒருமுறைகூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. சென்சார் இருக்கும் சின்னக் குழி முழுக்க வெள்ளையாகத் திருநீறு!

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏதோ போட்டின்னு சொன்ன இல்ல," என்றார். அவ்வளவுதான் பதில்.

காது குடையும் பட்ஸை எடுத்து வந்தேன். அப்பா போன் டார்ச்சைப் பிடித்தார். "மெதுவா, மெதுவா, கண்ணாடி மாதிரி இருக்குது பாரு," என்று எனக்கே சொன்னார். துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தேன். குழிக்குள் சிவப்பு வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது.

மவுஸ் மேட்டில் வைத்து நகர்த்தினேன். குறி நான் நினைத்த இடத்தில் போய் நின்றது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரபுவுக்குப் போன் போட்டேன். காரணத்தைக் கேட்டு அவன் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. "சரி, நீயே ஆடு. அப்பாவுக்குத் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு," என்றான்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் நன்றாகத் தோற்றோம். அப்பா படிக்கட்டுப் பக்கமே நின்றிருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும், "இப்ப செத்தது நீயா, அவனா?" என்று கேட்டார். அவனாக இருந்தால், "ம்" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வேறு எந்த வெற்றியோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது சென்னையில் வேலை. நல்ல மேசை, நல்ல நாற்காலி, வயரில்லாத மவுஸ். சனி ஞாயிறுகளில் ஆடுகிறேன். டீமில் ஐந்து பேருக்கும் ஐந்து ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் போகிறது.

ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் மைக்கில் அவர்கள் வீட்டுக் குரல் கேட்கும். "இன்னும் எவ்ளோ நேரம்டா... வந்து சாப்புடேன்..." உடனே மற்றவர்கள், "டேய், மியூட் பண்ணு," என்பார்கள்.

நான் மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.